ஃபில்டர் போட்டுத்தான் ஓடைத் தண்ணீர் குடித்தேன், ஆனாலும் ஜியார்டியா: எங்கே தப்பு நடந்தது?

#1 ஈரக்காலணி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் அசிங்கமான விஷயம்தான், ஆனால் இங்கே கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

போன மாதம் நானும் நண்பனும் ஐந்து நாள் மலை நடை போனோம். நடந்த நாட்களில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. வீடு திரும்பி ஒன்பதாம் நாள் எனக்கு ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை. வயிறு பானை மாதிரி உப்பியது, ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம், நாளுக்கு ஏழெட்டு முறை ஓட்டம். தானாகச் சரியாகிவிடும் என்று நான்கு நாள் இருந்துவிட்டு அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்று வந்தது. மருந்து சாப்பிட்டு இப்போது பரவாயில்லை. நாலு கிலோ இறங்கியதுதான் மிச்சம்.

குழப்பம் இதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வடிகட்டாமல் குடிக்கவில்லை. பையில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து அழுத்தினால், வாயில் திருகியிருக்கும் ஃபில்டர் வழியாகப் பாட்டிலில் இறங்குமே, அந்த வகை. உறையில் துளை அளவு 0.1 மைக்ரான் என்று போட்டிருக்கிறது (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முகாம் 3,400 மீட்டரில். ஓடை கண்ணாடி மாதிரி இருந்தது, அதற்கு மேலே வீடு வாசல் எதுவும் கிடையாது. நண்பனும் இதே ஒரு ஃபில்டரைத்தான் பயன்படுத்தினான், அவன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். தப்பு எங்கே?

#2 கிழிந்தகூடாரம்

தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள். சொல்கிறேன் என்று கோபிக்காதே, இந்த ஃபில்டர் சமாச்சாரமே எனக்கு நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷமாக மலை ஏறுகிறேன். ஓடுகிற தண்ணீர், பாறையில் மோதி வருகிற தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், இந்த மூன்றும் இருந்தால் கையால் அள்ளிக் குடித்துவிடுவேன். ஒரு நாளும் படுத்ததில்லை. நீ வழியில் எங்கேயோ சாப்பிட்டதுதான் வேலையைக் காட்டியிருக்கும்.

#3 நுண்ணோக்கி

கூடாரம் ஐயா, உங்கள் வயிற்றுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஓடுகிற தண்ணீர் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது ஓடையைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். இருநூறு மீட்டர் மேலே ஒரு விலங்கு செத்துக் கிடந்தால் கீழே இருப்பவருக்கு அது தெரியாது. ஜியார்டியாவின் கூடு, அதாவது கெட்டி உறைக்குள் அது அடங்கியிருக்கும் வடிவம், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளிர்ந்தது என்பதால் அது சாவதில்லை, இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், அதனால் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வரும். ஜியார்டியா கூடு ஏறக்குறைய 8 முதல் 12 மைக்ரான். கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாகக் கிரிப்டோ, இதுவும் குடல் ஒட்டுண்ணிதான்) 4 முதல் 6. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் 0.2 மைக்ரானுக்கு மேல். வைரஸ்கள் 0.02 வரை போகும். ஆக 0.1 மைக்ரான் துளையில் வைரஸ் நழுவலாம், ஜியார்டியா நழுவவே முடியாது. ஃபில்டர் முழுசாக இருந்திருந்தால் ஈரக்காலணிக்கு ஜியார்டியா அந்த வழியாக வந்திருக்காது. ஒன்று ஃபில்டர் உடைந்திருக்க வேண்டும், இல்லை தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

நாள் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஜியார்டியா உள்ளே போய் அறிகுறி காட்ட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதனால்தான் எல்லோரும் நேற்றுச் சாப்பிட்டதைத் திட்டுகிறார்கள்.

ஒரு கொசுறு: இதை முதலில் பார்த்தவர் டச்சு ஆராய்ச்சியாளர் லீவன்ஹுக். 1681இல் வயிற்றுப்போக்கு வந்தபோது தன் மலத்தையே லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தாராம். ஈரக்காலணி, நீங்கள் நல்ல பரம்பரையில்தான் சேர்ந்திருக்கிறீர்கள்.

#4 கூழாங்கல்

@ஈரக்காலணி சகோ, நாலு கேள்வி. யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ராத்திரி உறைபனி இருந்ததா? இருந்தால் ஃபில்டர் எங்கே கிடந்தது? ஓடையில் தண்ணீர் மொண்ட பாட்டிலும் குடிக்கும் பாட்டிலும் வேறு வேறா, இல்லை ஒன்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினீர்களா? கடைசியாக, ஒதுங்கப் போய்வந்த பிறகு கை கழுவியது எதால்?

#5 கரிக்கெட்டில்

இதற்குத்தான் நான் கொதிக்க வைக்கிறேன். கெட்டிலில் விரிசல் விட்டால் ஒழுகும், ஒழுகினால் தெரியும். ஃபில்டர் உள்ளே செத்துப் போனாலும் வெளியே சிரித்துக்கொண்டே இருக்கும்.

பத்து நிமிடம் கொதிக்கணும், இருபது நிமிடம் கொதிக்கணும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். தேவையில்லை. தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். வைரஸ், பாக்டீரியா, ஒட்டுண்ணி மூன்றும் காலி.

#6 புதுமூட்டை

கெட்டில் அண்ணா, ஒரு சந்தேகம். உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 3,400 மீட்டரில் அது வெறும் வெந்நீர்தானே? கிருமி சாகுமா?

#7 கரிக்கெட்டில்

நல்ல கேள்வி. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள். 3,400 மீட்டரில் 89 டிகிரி அளவில் கொதிக்கும். ஆனால் பாலைப் பதப்படுத்துவதே 72 டிகிரியில் 15 விநாடிதான். குடலைக் கெடுக்கும் கிருமிகள் 70ஐத் தாண்டினால் ஒரு நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை. பானை 70இலிருந்து 89க்கு ஏறும் நேரம், இறக்கிய பிறகு ஆறும் நேரம், எல்லாமே கணக்கில் சேரும். நம் பையில் தெர்மாமீட்டர் இல்லை. 70 எப்போது வந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது, கொதி வந்ததைச் சொல்லலாம். அதனால் கொதி வரைக்கும் போகிறோம். மூன்று நிமிடம் என்பது மேலே குளிருக்கும் குறைந்த சூட்டுக்கும் போட்ட கூடுதல் காப்பு.

கொதித்த தண்ணீர் சப்பென்று இருக்கும். உள்ளே கரைந்திருந்த காற்று போய்விட்டதால் அப்படி. இரண்டு பாட்டிலுக்கு இடையே நாலு முறை ஆற்றி ஊற்று, சரியாகும். ஆனால் இரண்டாவது பாட்டிலும் சுத்தமானதாக இருக்கணும்!

பனியை உருக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் பானையில் பனியைப் போட்டு அடுப்பில் வைக்காதீர்கள். அடி தீய்ந்து தண்ணீர் முழுக்கக் கருகல் வாடை வரும். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, அதில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பனி வெள்ளையாக இருப்பதால் சுத்தம் என்றும் அர்த்தமில்லை, அதையும் கொதிக்கவையுங்கள்.

#8 ஒற்றையடி

கெட்டிலார் சொல்வது சரி, ஆனால் எரிபொருளை யார் சுமப்பது? நாளுக்கு நாலு லிட்டர், இரண்டு பேர், ஐந்து நாள் என்றால் 40 லிட்டர் கொதிக்க வைக்கணும். அத்தனை கேஸையும் முதுகில் ஏற்றினால் முட்டி கேட்கும்.

நான் குளோரின் டையாக்சைடு மாத்திரைக் கட்சி. ஒரு அட்டை ஒரு ரூபாய் நாணய எடைதான் இருக்கும். பாக்டீரியா, வைரஸுக்கு அரை மணி. கிரிப்டோவுக்கு நாலு மணி நேரம். அதனால் ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பேன், காலையில் குடிப்பேன்.

#9 புதுமூட்டை

சாதா குளோரின் மாத்திரை, வீட்டு ப்ளீச் எல்லாம் அதே வேலையைச் செய்யாதா?

#10 நுண்ணோக்கி

பாதி வேலையைச் செய்யும். பாக்டீரியா, வைரஸுக்குக் குளோரின் நல்ல எமன். ஜியார்டியாவுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கிரிப்டோ அதைக் கண்டுகொள்வதே இல்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாகக் கிரிப்டோ பரவி நாலு லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். அது குளோரின் போட்ட தண்ணீர்தான்.

ப்ளீச்தான் கையில் இருக்கிறது என்றால், வாசனை சேர்க்காத 5 அல்லது 6 சதவீத வகை, தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு இரண்டு சொட்டு, நன்றாகக் கலக்கி அரை மணி வையுங்கள். கடைசியில் லேசாகக் குளோரின் வாடை வரணும். வராவிட்டால் இன்னும் ஒருமுறை அதே அளவு விட்டு 15 நிமிடம் காத்திருங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரினை மண்ணும் இலைச்சக்கையும் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் கிடைக்காது. தண்ணீர் பனிக்கட்டிச் சில்லில் இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள்.

அயோடினும் இன்னும் சிலர் பையில் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது. மற்றவர்களும் வாரக்கணக்கில் தொடர்ந்து குடிக்க வேண்டாம். கிரிப்டோவிடம் அதுவும் தோற்றுப்போகும்.

#11 ஒற்றையடி

வாடை பிடிக்காதவர்களுக்கு: காத்திருக்கும் நேரம் முழுக்க முடிந்தபிறகு வைட்டமின் சி மாத்திரையில் ஒரு துணுக்கைப் போட்டால் குளோரின் வாடை போய்விடும். முன்னாலேயே போட்டீர்களானால் மருந்தையே முறித்துவிடும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டையும் சேர்த்தே போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்!

#12 கிழிந்தகூடாரம்

எல்லாம் சரி. உங்கள் லெக்சர் எல்லாம் கேட்டு நான் ஒரு ஃபில்டரே செய்துவிட்டேன். பாட்டிலை வெட்டி, கூழாங்கல், மணல், அடுப்புக்கரி, துணி என்று அடுக்கினேன். சேற்றுத் தண்ணீர் மேலே ஊற்றினால் கீழே பளிங்கு மாதிரி வருகிறது. காசு செலவில்லை. இது போதாதா?

#13 நுண்ணோக்கி

ஐயா, பளிங்கு மாதிரி வருகிறதே, அதுதான் ஆபத்து. சேறாக இருந்தால் யோசிப்பீர்கள், பளிங்காக இருந்தால் குடித்துவிடுவீர்கள். மணல் மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு பாக்டீரியாவுக்குப் பெரிய வாசல். பட்டணங்களில் மெதுமணல் வடிகட்டி வேலை செய்வது மணலின் மேலே வாரக்கணக்கில் வளர்ந்த உயிர்ப்படலத்தால். நீங்கள் காலையில் அடுக்கிய பாட்டிலில் அது கிடையாது. அடுப்புக்கரி வாடையைக் கொஞ்சம் இழுக்கும், கிருமியை இழுக்காது.

ஆனால் வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். முதல் கட்டத்துக்கு அருமை. அதிலிருந்து வருவதைக் கொதிக்கவையுங்கள், இல்லை மாத்திரை போடுங்கள்.

துணியையும் அலட்சியமாகப் பேச வேண்டாம். பழைய பருத்திப் புடவையை மடித்து வடிகட்டியதாலேயே வங்கதேசக் கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003இல் ஆய்வு வெளியானது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சி துணியில் மாட்டினால் கிருமியும் மாட்டும். அது காலராவின் தனிப் பழக்கம். ஜியார்டியா யார் முதுகிலும் ஏறாமல் தனியாகவே மிதந்துவரும்.

#14 ஒற்றையடி

மழைக்குப் பிறகு ஆறு செம்மண்ணாக ஓடும்போது நான் செய்வது: மடக்கு வாளியில் மொண்டு ஓர் இடத்தில் வைத்துவிடுவேன். படிகாரக் கட்டி இருந்தால் தண்ணீருக்குள் நாலு சுற்று சுற்றி எடுப்பேன். கொஞ்ச நேரத்தில் மண் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் உட்காரும். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். மேகம் இறங்குவது மாதிரி இருக்கும். மேலே தெளிந்ததை ஆடாமல் அசையாமல் மொண்டு துணியில் வடிகட்டி, அப்புறம்தான் ஃபில்டர். நேராகச் சேற்றை அழுத்தினால் இரண்டு லிட்டரில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஆத்திரத்தில் பையைப் பிழிந்தால் பை வெடிக்கும். வெடித்தது.

#15 புதுமூட்டை

புற ஊதா விளக்குப் பேனா வாங்கலாமா? வெயிலில் பாட்டிலை வைப்பது என்று வேறு ஒன்று சொல்கிறார்களே?

#16 கூழாங்கல்

பேனா: நல்ல பொருள்தான். லிட்டருக்கு ஒன்றரை நிமிடம் கலக்கினால் போதும், வைரஸ்வரைக்கும் செயலிழக்கும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கணும். ஒரு தூசியின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். குளிரில் பேட்டரி மூச்சுவிடாது, ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் கூடவே படுக்க வை. விளக்குப் பட்டபிறகு தண்ணீரில் காவல் எதுவும் மிச்சமில்லை, அழுக்குக் கை பட்டால் மறுபடி கெட்டுப்போகும்.

வெயில்: நிறமில்லாத பெட் பாட்டில், இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். நல்ல வெயிலில் படுக்கவைத்து ஆறு மணி நேரம். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். பாட்டிலை நிறுத்தி அடியில் செய்தித்தாளை வைத்து மேலிருந்து பார், தலைப்பு எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றால் அந்தத் தண்ணீருக்கு இந்த முறை ஆகாது. ஓரிடத்தில் தங்குகிறவர்களுக்குச் சரி. நடந்துகொண்டே இருப்பவருக்குத் தொல்லை.

#17 நுண்ணோக்கி

இன்னொன்றையும் யாராவது சொல்லணும். நாம் பேசுவது எல்லாம் கிருமிக்கு. வயலிலிருந்து வடியும் பூச்சிமருந்து, பழைய சுரங்கத்திலிருந்து துருநிறத்தில் வரும் தண்ணீர், கடல் உப்பு, இவற்றைக் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், விஷம் கெட்டியாகும். குட்டை மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது மாதிரி நீலப்பச்சைப் பாசி மிதந்தால் கைகூட வைக்காதீர்கள். கொதித்தால் பாசி வெடித்து நஞ்சைத் தண்ணீரிலேயே விடும், அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. அங்கே ஒரே வைத்தியம், வேறு தண்ணீர் தேடுவது.

#18 ஈரக்காலணி

மன்னிக்கணும், இரண்டு நாள் வர முடியவில்லை. கூழாங்கல் கேள்விகளுக்குப் பதில்.

கை கழுவியது சானிடைசர். பாட்டில்கள் தனித்தனி. இரண்டாம் ராத்திரி நல்ல குளிர். காலையில் டென்ட்டுக்கு வெளியே வைத்த பானையில் ஏடு மாதிரி பனிக்கட்டி. ஃபில்டர்... பையின் வெளிப் பக்கப் பாக்கெட்டில் இருந்தது. பை டென்ட் வாசலில். காலையில் எடுத்தபோது தண்ணீர் வரவில்லை. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், வந்துவிட்டது. முன்னைவிடச் சுலபமாகவே வந்தது. சந்தோஷப்பட்டேன்.

#19 கூழாங்கல்

சந்தோஷப்பட்ட அந்த இடம்தான் சகோ!

உள்ளே இருப்பது நூல் மாதிரி மெல்லிய குழாய்கள், நூற்றுக்கணக்கில். சுவர் முழுக்கத் துளை. ஒருமுறை நனைந்தால் நீங்கள் எவ்வளவு உதறினாலும் அந்தத் துளைகளில் ஈரம் தங்கும். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பருக்கும், குழாய்ச் சுவர் கிழியும். கிழிந்தபிறகு தண்ணீர் சுலபமாக வராமல் என்ன செய்யும்?

சோதித்துப் பாருங்கள். ஃபில்டரை நன்றாக ஊற வையுங்கள். சுத்தத் தண்ணீர் வரும் முனையில் சிரிஞ்சை வைத்து, மறுமுனையைக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி, மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். நனைந்த துளை காற்றை விடாது, தண்ணீரின் பரப்பு இழுவிசை அடைத்துக்கொள்ளும். குமிழி வரிசையாக வந்தால் ஓட்டை. வராவிட்டாலும் முழுசாக நம்ப வேண்டாம், ஒரு முறை உறைந்தது என்று தெரிந்தால் நான் தூக்கிப் போட்டுவிடுவேன்.

இன்னொன்று. சானிடைசர் ஒட்டுண்ணிக் கூட்டை அசைக்காது. சோப்பும் தண்ணீரும்தான், அதுவும் ஓடையிலிருந்து எழுபது காலடி தள்ளி. நடையில் வரும் வயிற்றுப்போக்கில் தண்ணீர்மேல் போடும் பழியில் பாதி, கை சம்பாதித்தது என்பது என் எண்ணம். அதோடு பாட்டில் மரை. ஓடையில் பாட்டிலையே முக்கி மாத்திரை போடுகிறவர்கள், மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் கவிழ்த்துப் பிழியுங்கள். மருந்து கலந்த தண்ணீர் மரை வழியாக வழியணும். நாம் வாய் வைக்கும் இடம் அதுதானே.

#20 கிழிந்தகூடாரம்

சரி, தோற்றேன். ஆனால் அவன் நண்பன் எப்படித் தப்பித்தான்? அதைச் சொல்லுங்கள்.

#21 நுண்ணோக்கி

பத்துக் கூடு போதும் ஒருவரைத் தொற்றுவதற்கு. தொற்றினாலும் பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். தெரியாமல் அதை வெளியேற்றிக்கொண்டும் இருப்பார்கள். ஐயா, உங்கள் முப்பது வருஷக் கணக்கிலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கலாம்.

#22 ஈரக்காலணி

இன்று சோதித்தேன். சிரிஞ்சைக் கால்வாசி அழுத்துவதற்குள் கிண்ணம் முழுக்கக் குமிழி.

நண்பனுக்கும் போன் போட்டுக் கேட்டேன், அன்றைக்குப் பிறகு ஃபில்டர் தண்ணீர் எவ்வளவு குடித்தாய் என்று. "எனக்குப் பல் கூச்சம்டா, அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை யார் குடிப்பது? நீ தூங்கினபிறகு அடுப்பில் வைத்து பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்வேன்" என்கிறான். என் கேஸ் சிலிண்டர் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்பதும் இப்போதுதான் புரிகிறது.

ஆசை விடாமல் ஃபில்டரை ரம்பத்தால் அறுத்தும் பார்த்தேன். வெள்ளை நூல் கற்றை மாதிரி அழகாக, வரிசையாக இருக்கிறது. என் கண்ணுக்கு ஒரு கிழிசலும் தெரியவில்லை. படம் எடுத்து நாளை போடுகிறேன்.

#23 கரிக்கெட்டில்

கெட்டில் வேண்டுமா தம்பி, என்னிடம் இரண்டு இருக்கிறது.